பொம்மைக்கும் கால் வலிக்கும்

சனிக்கிழமை மாலைகளில் பிலிமத்தலாவையில் ஒரு புடவைக்கடையின் மேல்மாடியில் பிள்ளைகளுக்குக் கணினிப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். பாடம் என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. திரையில் வண்ண வண்ணக் கட்டைகள் இருக்கும். நட, திரும்பு, சத்தம் போடு, பொறு என்று ஒவ்வொரு கட்டையிலும் ஓர் ஏவல். அவற்றை ஒன்றின் கீழ் ஒன்றாகப் பொருத்திவிட்டால் ஒரு பொம்மை நடக்கும், வாயசைக்கும், நாம் பதிந்துகொடுத்த குரலில் பேசும். வாரம் முழுக்க வேறோர் இடத்தில் வேலை பார்த்துவிட்டு இதற்கும் வருவதால், மூன்றாவது பிள்ளையின் பொம்மை பேசத் தொடங்கும் முன்பே என் வாய் கொட்டாவிக்குத் திறந்துவிடும். “மிஸ்ஸுக்கும் யாரோ கட்டை பூட்டியிருக்காங்க, வாய் தானா தெறக்குது” என்று போன கிழமை ஒரு வாண்டு சொன்னான். கோபம் வரவில்லை. கோபப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது.

இதை எனக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. அம்மா படித்தபோது பக்கத்தில் இருந்து பொறுக்கிக்கொண்டதுதான் எல்லாம்.

அப்போது எனக்கு எட்டோ ஒன்பதோ வயது. ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில், ஒற்றை அறைக் காம்பராக்கள் வரிசையாக ஒட்டியிருக்கும் லயத்தில் இருந்தோம். அப்பா கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்தார். தீபாவளிக்கு வருவார், பொங்கலுக்கு வருவதாகச் சொல்வார். அம்மா கொழுந்து எடுக்க மலைக்குப் போவாள். அந்த வருஷம்தான் அவளுடைய வலது முழங்கால் பேசத் தொடங்கியது. படி ஏறினால் ‘கடக்’ என்று ஒரு சத்தம் வரும். எதிர்க் காம்பராவில் இருப்பவர்கள்கூட அம்மா வந்துவிட்டாள் என்று அதை வைத்தே சொல்வார்கள். கண்டி ஆஸ்பத்திரியில் காட்டியபோது, இனிமேல் சரிவில் ஏறி இறங்கக் கூடாது, சமதரையில் மட்டும் நடங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினாராம். அம்மா சிரித்துக்கொண்டே வந்தாள்.

“ஹந்தானையில சமதரை எங்கன இருக்குன்னு அவருகிட்டயே கேட்டிருக்கணும். பஸ்ஸுக்கு நேரமாச்சேன்னு வந்துட்டேன்.”

தோட்டத்தில் சமதரை என்று ஒன்று இருந்தால் அது பிள்ளைக்காம்பராதான். மலைக்குப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப் போகிற இடம். சிமெந்துத் தரை, நான்கு தொட்டில், சுவரில் வெளிறிப்போன ஒரு யானை. அங்கே உதவிக்கு ஒருத்தி தேவை என்று செய்தி வந்தது. குழந்தைகளுக்காக யாரோ ஒரு மடிக்கணினியைக் கொடுத்திருந்தார்கள். அதில் பொம்மைகளைச் செய்து, பேசவைத்துக் காட்டத் தெரிந்தவளுக்குத்தான் வேலை. எத்தனையாம் வகுப்பு என்று கேட்க மாட்டோம், எங்கள் முன்னால் செய்து காட்டினால் போதும் என்று கண்டியிலிருந்து வந்த மிஸ் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அந்தக் கடைசி வாக்கியத்தை நம்பி எட்டாம் வகுப்போடு நின்ற அம்மாவும் பெயர் கொடுத்தாள். அவளைத் தவிர கீழ் லயத்து அக்கா ஒருத்தி மட்டும் கொடுத்திருந்தாள். அந்த அக்கா சின்னவள், ஓ.எல். பரீட்சைவரை படித்தவள், இடுப்பில் ஒரு வயதுப் பிள்ளை.

அம்மாவுக்கு வாத்தியார் மாமா. அம்மாவின் தம்பி, கண்டி டவுனில் மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு கடையில் போன் திருத்துகிறவர். உலகத்தில் எதையும் கழற்றிப் பூட்டிவிடலாம் என்று நம்புகிறவர். கடையில் கிடந்த ஒரு பழைய மடிக்கணினியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி வருவார். அதன் விசைப்பலகையில் ஓர் எழுத்துக் கட்டை உடைந்து, அந்த இடத்தில் தீக்குச்சியால் குத்த வேண்டியிருக்கும். எங்கள் வீட்டில் இருந்த ஒரே கதிரையில் கணினி உட்கார்ந்துகொள்ளும். அம்மாவும் நானும் தரையில் உட்காருவோம். “சரஸ்வதிக்குக்கூட நாங்க கதிரை குடுத்ததில்ல” என்று அம்மா சொல்லுவாள்.

முதல் ஞாயிறு, எலியைப் பிடிக்கவே போயிற்று. கணினி எலியைத்தான் சொல்கிறேன். கொழுந்து கிள்ளிக் கிள்ளி விரல் நுனிகள் கறுத்துக் காய்த்துப்போன கை. ஒரு தரம் அழுத்து என்றால் இரண்டு தரம் கிள்ளிவிடும். மாமா தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் ஓரிடத்தில் அம்மா தடுமாறவேயில்லை. பொம்மை நடக்க ஓர் அடுக்கு, வாயசைக்க இன்னோர் அடுக்கு, இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்கிவிட வேண்டும் என்று மாமா மூச்சுவாங்க விளக்கிக்கொண்டிருந்தார். வாய் திறந்த படம் ஒன்று, மூடிய படம் ஒன்று. இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டினால் பேசுவதுபோல இருக்கும். அம்மா, “கை பாட்டுக்குக் கொழுந்தெடுக்கும், வாய் பாட்டுக்கு ஊர்க்கதை பேசும். அதானே? மேல சொல்லு” என்றாள்.

பொம்மையை வரைந்தவள் நான். தலையில் கயிறு மாட்டி முதுகில் கூடை சுமக்கிற ஒரு பெண். கூடை அவளைவிடப் பெரிதாகப் போய்விட்டது. ஒரு கண் காதுக்குப் பக்கத்தில் இருந்தது. மாமா திருத்தப் போனார், அம்மா விடவில்லை. “இருக்கட்டும்டா. கங்காணி எந்தப் பக்கம் வாறாருன்னு பாக்குறா.”

சண்டை அடுத்த ஞாயிறு வந்தது. ‘எப்போதும்’ என்று ஒரு கட்டை உண்டு. அதன் வயிற்றுக்குள் எதை வைத்தாலும் ஓயாமல் திரும்பத் திரும்ப நடக்கும். மாமா அதற்குள் ‘நட’வை வைத்தார். பொம்மை இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் தறிகெட்டு நடந்தது. எனக்குக் கொண்டாட்டம். அம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இது எப்ப ஒக்காரும்?”

“ஒக்காராது அக்கா. எப்போதும்னா எப்போதும்தான்.”

“கூடையோடவா?”

“அது பொம்மை அக்கா. பொம்மைக்குக் கால் வலிக்காது.”

“நீ எப்பவாச்சும் கூட தூக்கியிருக்கியா? பெரிசா பேச வந்துட்டான். அந்தப் பொறு கட்டைய எடு இங்க.”

அன்றைக்கு அம்மா கற்றுக்கொண்ட கட்டை அது ஒன்றுதான் என்று சொல்லலாம். ‘பொறு’. நான்கு எட்டு நடந்தால் ஒரு பொறு. கூடையை இறக்கினால் ஒரு பொறு. உட்கார்ந்தபின் ஒரு பெரிய பொறு. திரும்ப எழும்புவதற்கு முன்னால், எழும்புவதா வேண்டாமா என்று யோசிக்க இன்னொன்று. மாமா ஒவ்வொன்றாகப் பிடுங்குவார். அம்மா ஒவ்வொன்றாகத் திருப்பிப் பூட்டுவாள். கடைசியில் மாமா, “இப்பிடி ஒரு பொம்மைய நான் பாத்ததே இல்ல. இதுக்கு லீவு போட மட்டுந்தான் தெரியும்” என்று சொல்லிவிட்டு வெளியே போய்ப் பீலித் தண்ணீரில் முகம் கழுவினார். அடுத்த காம்பராப் பெரியம்மா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, “நித்திரை சுகமறியாதும்பாங்க, ஒங்க அக்கா நித்திரைக்கே சுகம் தேடுறாடா தம்பி” என்றாள். எங்கள் லயத்தில் காம்பராக்களுக்கு இடையிலான சுவர் கூரைவரை போகாது. ஆகவே எந்தப் பேச்சும் யாருடைய தனிச்சொத்தும் இல்லை.

குரல் பதிகிற ஞாயிறு அதனால்தான் பெரும்பாடாயிற்று. அம்மா பேச வேண்டியதைத் தானே கட்டியிருந்தாள். “குருவி கூட்டுக்குப் போயிருச்சு. கோழி கூண்டுக்குப் போயிருச்சு. கொழுந்து கூடையில தூங்கிருச்சு. நீ மட்டும் ஏன் கண்ணு முழிச்சிருக்க?” இவ்வளவுதான். முதல் தடவை பதிந்தபோது அடியில் யாரோ மிளகாய் இடிக்கிற சத்தம். இரண்டாம் தடவை கிரிக்கெட் வர்ணனை. மாமா வாசலில் நின்று, “ஒரு நிமிசம் எல்லாரும் சத்தம் போடாம இருங்க, எங்கக்கா வேலைக்கு!” என்று கத்தினார். என்ன ஆச்சரியம், லயம் முழுக்க அடங்கிவிட்டது. வானொலியை அணைத்தார்கள். இருமல்காரத் தாத்தா போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டார். ஒரு வேலைக்காக இத்தனை காம்பராக்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டதை நான் அதற்குமுன் கேட்டதில்லை. அம்மா பேசினாள். கடைசிச் சொல் முடிவதற்குள் பெரியம்மா, “கெடச்சிருச்சா வேல?” என்று கேட்டுவிட்டாள். அதுவும் பதிந்துவிட்டது. மாமா கடைக்குக் கொண்டுபோய் அந்த வாலை வெட்டிக்கொண்டு வந்தார்.

ஒன்றை மட்டும் மாமா சரியாகச் சொல்லிக்கொடுத்தார். சத்தத்துக்கு இரண்டு வகைக் கட்டை உண்டு. ஒன்று, சத்தத்தைத் தொடங்கிவிட்டு உடனே அடுத்த வேலைக்குப் போய்விடும். இன்னொன்று, சத்தம் முடியும்வரை காத்திருக்கும். முதலாவதைப் போய் ‘எப்போதும்’ என்ற கட்டைக்குள் வைத்தால் ‘கு கு கு கு’ என்று திக்கும், ஒரு சொல்லும் முடியாது. அம்மா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். “பேசி முடிச்சதும் வேலை. சரிதான். மனுசி ஒருத்தி பேசுறப்ப ஒருத்தரும் இப்பிடிக் காத்திருந்ததில்ல.”

காட்டும் நாள் ஒரு சனிக்கிழமை. கடைக்கு லீவு சொல்லிவிட்டு மாமாவும் கணினியோடு வந்துவிட்டார். பகல் சோறு முடிந்து குழந்தைகள் விழித்திருக்கிற நேரத்தில் வரச் சொல்லியிருந்தார்கள். அம்மா அன்று காலையில் மலைக்குப் போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் கொழுந்து மண்டிக்கிடந்த காலம். அரைநாளாவது வராவிட்டால் திங்கட்கிழமை முகம் கொடுக்க முடியாது என்று போய்விட்டாள். மேல் மலை, நல்ல சரிவு. பன்னிரண்டரைக்கு இறங்கி வந்து, பீலியில் கால் கழுவி, நல்ல சேலை உடுத்தி, சாப்பிடாமலே கிளம்பினாள். சாப்பிட்டால் தூக்கம் வரும் என்றாள்.

பிள்ளைக்காம்பராவில் மிஸ் நல்ல மாதிரி. எல்லாரையும் ‘நீங்க’ என்றார், என்னையும்கூட. செருப்பைக் கழற்றிவிட்டுக் குழந்தைகளோடு பாயில் உட்கார்ந்தார். முதலில் கீழ் லயத்து அக்கா காட்டினாள். அவளுடைய பொம்மை ஒரு நாய்க்குட்டி. குதித்தது, குட்டிக்கரணம் போட்டது, குலைத்தது. குழந்தைகள் கை தட்டின, கூவின, ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. குலைக்கிற சத்தம் கூடிப்போனதில் இரண்டு குழந்தைகள் வீரிட்டு அழுதன. அழுகை தொற்றி, அக்காவின் சொந்தப் பிள்ளையும் அழுதது. மிஸ், “சரி, நிப்பாட்டுங்க. இப்ப அதே நாய்க்கு வேற சத்தம் ஒண்ணு போட்டுக் காட்டுங்க” என்றார். அக்கா குலைப்பை எடுத்துவிட்டு அங்கேயே ‘ம்ம்’ என்று தன் குரலைப் பதிந்து மாட்டினாள். நாய் ‘ம்ம்’ என்றது. பிள்ளைகள் அழுகையை நிறுத்தவில்லை. நான் மாமாவின் கையைக் கிள்ளினேன். அக்கா தோற்றுவிட்டாள் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

அடுத்து அம்மா. கணினியை ஒரு சின்னக் கதிரையில் வைத்துவிட்டு, குழந்தைகளுக்கு நடுவில் சுவரில் சாய்ந்து, வலது காலை நீட்டிக்கொண்டாள். தொடங்கிவைத்தாள். கூடைக்காரி நான்கு எட்டு நடந்தாள். நின்றாள். மறுபடி நான்கு எட்டு. கூடையை இறக்கினாள். உட்கார்ந்தாள். குருவி கூட்டுக்குப் போயிருச்சு என்றாள். ஒன்றும் நடக்காத ஒரு நீளமான இடைவெளி. கோழி கூண்டுக்குப் போயிருச்சு.

அழுதுகொண்டிருந்த பிள்ளைகளில் ஒன்று விக்கலோடு நிறுத்தியது. இன்னொன்று வாயில் விரலை வைத்துக்கொண்டது. பொம்மை திரும்ப எழும்பி, நடந்து, திரும்ப உட்கார்ந்தபோது இரண்டு குழந்தைகள் பாயில் சாய்ந்துவிட்டன. அடுத்த சுற்றில் அக்காவின் பிள்ளையும் அவள் தோளில் தலையைப் போட்டது. காம்பரா முழுக்க அம்மாவின் குரல் மட்டும், அதுவும் அவசரமில்லாமல். மிஸ்கூடக் கையால் வாயை மூடிக் கொட்டாவி விட்டதை நான் பார்த்தேன். எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. இத்தனை பேரைத் தூங்கவைத்தவளுக்கு வேலை கொடுக்காமல் வேறு யாருக்குக் கொடுப்பார்கள்?

“நல்லாருக்கு. இப்ப நிப்பாட்டிட்டு வேற சத்தம் ஒண்ணு போட்டுக் காட்டுங்க” என்றார் மிஸ், தாழ்ந்த குரலில்.

அம்மாவின் தலை சுவரில் சாய்ந்திருந்தது. வாய் கொஞ்சமாகத் திறந்திருந்தது. மடியில் இரண்டு கையும் மல்லாந்து கிடந்தன. பொம்மை எழும்பி நடந்தது. அம்மா எழும்பவில்லை.

மாமா பாய்ந்து வந்து தோளைத் தொடப் போனார். மிஸ் கையை நீட்டித் தடுத்தார். “வேணாம், எழுப்பாதீங்க” என்றார். எனக்குத் தெரியுமே அந்த வேலை. கட்டையை இழுக்க நான் கை நீட்டினேன். “நீங்க இல்ல மகள். அம்மாதான் செய்யணும்.” பொம்மை மட்டும் தன் வேலையை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டிருந்தது.

அம்மா விழித்தபோது மிஸ் பையை எடுத்துக்கொண்டு நின்றார். அம்மா அவசரமாக எழும்பப் பார்த்தாள். முழங்கால் ‘கடக்’ என்றது. “இருங்க, இருங்க. நல்லாச் செஞ்சிருந்தீங்க. பிள்ளைங்கள பாருங்க, எல்லாம் தூக்கம்” என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு கீழ் லயத்து அக்காவிடம் திரும்பி, “நீங்க திங்கக்கிழமை காலையில எட்டு மணிக்கு வந்துருங்க” என்றார்.

எனக்கு அதில் எந்தச் சந்தேகமும் வரவில்லை. எங்கள் பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். ஒழுங்காகச் செய்தவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். செய்யாதவர்களைத்தான் திரும்ப வரச் சொல்வார்கள்.

மேட்டில் ஏறி வந்ததும் மாமா தேத்தண்ணிகூடக் குடிக்காமல் கணினியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். தான் வேண்டாம் என்று பிடுங்கிப்போட்ட பொறு கட்டைகள்தான் ஜெயித்தன என்று மாமாவுக்கு வெட்கம் என நினைத்துக்கொண்டேன். நான் லயத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஓடினேன். “எங்கம்மா எல்லாரையும் தூங்க வச்சிட்டாங்க! மிஸ்ஸே கொட்டாவி விட்டாங்க! அந்தக் கீழ் லயத்து அக்கா திரும்பவும் வந்து செய்யணுமாம்!” என்று காம்பரா காம்பராவாகச் சொன்னேன். எல்லாரும் சந்தோஷமாகத்தான் தொடங்கினார்கள். பிறகு, என் தலைக்கு மேலாக, பீலியடியில் நின்ற அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா அங்கிருந்து என்ன சைகை காட்டினாளோ தெரியாது. திரும்பிப் பார்க்க எனக்கு நேரமில்லை. இருமல்காரத் தாத்தா மட்டும், “ஒழைக்கிற மாட்டுக்குத்தான் அடி” என்று மாட்டைப் பற்றி ஏதோ சொன்னார். பெரியம்மா என் கன்னத்தை வழித்து, “அப்பிடியா கண்ணு. நீ சொன்னா சரிதான்” என்றாள். அவள் அவ்வளவு சின்னதாகப் பேசி நான் கேட்டதில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் கீழ் லயத்து அக்கா வந்தாள். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாள்.

“அக்கா, நான் வேணும்னு...”

“சீ, என்னா பேச்சு இது. உள்ள வா புள்ள.”

அவள் வரவில்லை. சேலை முந்தியால் கண்ணைத் துடைத்தாள். எனக்குப் பாவமாகப் போய்விட்டது. கிட்டப் போய், “பயப்படாதீங்க அக்கா, திங்கக்கிழமை நல்லாச் செய்வீங்க” என்றேன். அதைக் கேட்டு அவள் இன்னும் மோசமாக அழுதாள். அம்மா என்னைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவளிடம் சொன்னாள்: “அந்த நாய் கொலைக்கிறத மட்டும் கொஞ்சம் கொறைச்சுக்க. புள்ளைங்க மிரளுது. ஒவ்வொரு கொலைப்புக்கும் நடுவுல ஒரு பொறு வச்சுக்க. தம்பி ஞாயித்துக்கெழமை வருவான், சொல்லித் தரச் சொல்றேன்.”

ஜெயித்தவர்கள் தோற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது எவ்வளவு பெரிய குணம் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

திங்கட்கிழமை காலையில் அம்மா முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துத் துணி சுற்றினாள். சேலை நனையாமல் இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டினாள். வாசலில் நின்று பார்த்தேன். கீழ் லயத்து அக்கா நல்ல சேலையோடு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, பிள்ளைக்காம்பராப் பக்கம் இறங்கிப் போனாள். அம்மா மேல் மலைக்கு ஏறினாள். சொல்லிக்கொள்ளத்தான் போகிறாள் என்று நினைத்தேன். வேறு வேலைக்குப் போகிறவர்கள் பழைய இடத்துக்கு ஒருதரம் போய் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு வர வேண்டும்தானே. கங்காணியிடம் சொல்ல வேண்டும், கூடக் கொழுந்தெடுக்கிற பெண்கள் ஒவ்வொருத்தரிடமும் சொல்ல வேண்டும். அந்தியாகியும் அவள் வராதபோது, பாவம், அம்மாவுக்கு அங்கே எத்தனை பேரைத் தெரிந்திருக்கிறது என்று எண்ணிக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன்.